மழை நிற்கும் காட்சி

மீசைக்காரனுக்கு உலகத்தில் இருப்பதெல்லாம் இரண்டே வகை. பிளஸ், மைனஸ். புதிதாக எந்த வீடியோ கேம் வந்தாலும் முதல் ஆளாக விளையாடி முடித்து, முறுக்கிய மீசையோடு கேமரா முன்னால் உட்கார்ந்து, வலது கையில் பிளஸ், இடது கையில் மைனஸ் என்று விரல் மடக்கிச் சொல்லிவிட்டு அடுத்த கேமுக்குப் போய்விடுவான். அவன் நல்லது என்றால் விற்கும். அவன் முகத்தைச் சுளித்தால் அப்புறம் அதை ஏறெடுத்துப் பார்க்க ஆள் கிடையாது. இந்த அதிகாரத்தை அவனுக்கு யார் கொடுத்தார்கள் என்று கேட்காதீர்கள். அவனாக எடுத்துக்கொண்டான், நாமெல்லாம் சும்மா இருந்தோம்.

அந்தச் சனிக்கிழமை காலையில், சாப்பாட்டு மேஜையில் லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு அண்ணனும் தங்கையும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். இரண்டு டம்ளர் டீயும் ஆறி ஏடு கட்டியிருந்தது.

தங்கையின் வேலை, கேம் வெளிவருவதற்கு முன்னால் அதை விளையாடிப் பார்த்து ஓட்டை கண்டுபிடிப்பது. கதவு வழியாகப் போ என்றால் சுவர் வழியாகப் போக முடிகிறதா என்று முட்டிப் பார்ப்பாள். ஓடு என்றால் நிற்பாள், என்ன ஆகிறது பார்ப்போம் என்று. அலுவலகத்தில் அவளுக்குக் குடைச்சல் என்றே பெயர். முதலாளிகூட மீட்டிங்கில் அப்படித்தான் கூப்பிடுவார். அவளுக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

அண்ணன் டப்பிங் கலைஞர். சினிமாவில் பெயரில்லாதவர்கள் போடும் சத்தமெல்லாம் அவருடையது. அடி வாங்கும் அடியாள், கூட்டத்தில் "ஓடுங்க, ஓடுங்க" என்பவன், மாடியிலிருந்து விழும்போது அலறுகிறவன். "நான் சாகாத படமே கிடையாது" என்று சொல்லிச் சிரிப்பார். தலை நரைத்த பிறகு, வாழ்நாளில் முதல் தடவையாக, ஒரு கதாநாயகன் கிடைத்தான். அதுவும் சினிமாவில் இல்லை, தங்கை வேலை பார்க்கும் கம்பெனியின் கேமில். அவள்தான் அவர் குரலைக் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டி, டைரக்டரை நச்சரித்து வாங்கிக் கொடுத்தாள்.

கேமின் கதை இதுதான். சூரியன் தெரியாத ஒரு நகரம். மழை நிற்பதே இல்லை. மனிதர்கள் தலைக்குள் இருக்கும் நினைவைப் பிடுங்கி டப்பாவில் அடைத்து விற்றுப் பிழைக்கும் காலம். நினைவு பிடுங்கும் மெக்கானிக் ஒருவனை யாரோ கொன்றுவிடுகிறார்கள். துப்பறிய வருகிறவர் ஒரு தனியார் டிடெக்டிவ், அவரே தன் நினைவில் ஒரு பகுதியை விற்றவர். கொன்றது அவர்தான். கொன்ற நினைவைத்தான் விற்றிருக்கிறார். அது பூட்டியிருக்கும் பெட்டியின் சாவி, முதல் அறையில், கதவுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் அவருடைய நனைந்த கோட்டுப் பையிலேயே இருக்கிறது. ஊரெல்லாம் தேடிவிட்டு அந்தச் சாவியோடு பெட்டியைத் திறந்தால், கேமில் முதல்முறையாக மழை நிற்கும். அந்த அமைதியில் அவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொள்வார். கிட்டத்தட்ட கால்மணி நேரம், ஒரே குரல்.

"அதுவரைக்கும் கட்டைக் குரல்லயே பேசுங்க சார்" என்று டைரக்டர் சொல்லியிருந்தார். "நினைவை வித்தவனுக்கு உணர்ச்சி இருக்காது. எல்லாத்தையும் சேத்து கடைசி சீனுக்கு வெச்சுக்குங்க."

அண்ணன் வைத்துக்கொண்டார். அந்தக் காட்சியைப் பதிவு செய்தது ஆபரேஷனுக்கு முந்தின வாரம். தொண்டையில் வந்திருப்பது நல்ல கட்டி இல்லை, குரல்வளையை மொத்தமாக எடுத்தால்தான் உயிர் தங்கும் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. மைக் முன்னால் போய் நின்றவர் ஒரே மூச்சில் பேசி முடித்தார். முடித்த பிறகு கண்ணாடிக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் யாருக்கும் கதவைத் திறக்கக் கை வரவில்லை. அவரே வெளியே வந்து, "கொஞ்சம் தண்ணி குடுங்கப்பா" என்றார்.

அதோடு சரி. இப்போது கழுத்தில் ஒரு துளை, கையில் ஒரு சிலேட். சிறுபிள்ளைகள் எழுதி அழிக்கும் பிளாஸ்டிக் சிலேட். வீடு, வேலை, பெயர், புகழ் என்று அவர் எதுவும் கேட்கவில்லை. முன்பின் தெரியாத யாராவது ஒருவர் அந்தக் காட்சியை உட்கார்ந்து கேட்க வேண்டும், அவ்வளவுதான் அவருக்கு. அதை அவர் எழுதிக்கூடக் காட்டியதில்லை. தங்கைக்குத் தெரியும்.

"பிளஸ் என்னன்னு பாத்தீங்கன்னா மக்களே" என்று மீசைக்காரன் ஆரம்பித்தான். "மழை. சும்மா சொல்லக் கூடாது, மழை வேற லெவல். ஜன்னல் கண்ணாடில வழியற தண்ணிக்குள்ள தெரு விளக்கோட கலர் ஓடுது பாருங்க, அதுக்கே காசு குடுக்கலாம். அடுத்தது விசாரணை ரூம். எதிர்ல இருக்கறவன் பொய் சொன்னா அவன் கழுத்து ஒயர் லேசா நடுங்குது. கவனிச்சாதான் தெரியும். அப்பறம் லாட்ஜைக் கூட்டிப் பெருக்கற அந்த மெஷின் அம்மா. பாவம்யா அது, நமக்கே மனசு கேக்கல."

தங்கை அண்ணனைப் பார்த்து ஒரு புருவத்தைத் தூக்கினாள். அண்ணன் பொறு என்று கை காட்டினார்.

"மைனஸ் ரெண்டே ரெண்டுதான். ஆனா ரெண்டும் கேமையே குழி தோண்டிப் புதைச்சிடுச்சு. ஒண்ணு, கிளைமாக்ஸ். அந்த மெஷின் அம்மாவப் புடிச்சு ஜெயில்ல போடறாரு, மழை பாட்டுக்குப் பெய்யுது, முடிஞ்சுது போயிட்டு வாங்கன்னு பேர் ஓடுது. இதுக்கா இத்தனை நேரம் அலைய விட்டீங்க? ரெண்டாவது, ஹீரோவோட வாய்ஸ். மரக்கட்டை. மொத வார்த்தை எப்படியோ அப்படியேதான் கடைசி வார்த்தையும். யாருய்யா இவரு? பஸ் ஸ்டாண்டுல அறிவிப்பு சொல்றவரைக் கூட்டிட்டு வந்துட்டீங்களா?"

அண்ணன் சிரித்தார். இப்போதெல்லாம் அவர் சிரித்தால் தோள் மட்டும்தான் குலுங்கும். சிலேட்டை எடுத்து எழுதினார்: "பஸ் ஸ்டாண்டு வேலையும் பாத்திருக்கேன். கரெக்டா கண்டுபுடிச்சுட்டான்."

"நீ சும்மா இருண்ணா. இவன் கடைசி சீனைப் பாக்கவே இல்ல, அரைவேக்காடு. தப்பான ஆளைப் புடிச்சா வர்ற முடிவு அது. சாவி மொத ரூம்லயே இருக்கு, கோட்டுப் பையில. அதக்கூட எடுக்காம விளையாடிட்டு வாய் கிழியப் பேசறான் பாரு."

அண்ணன் சிலேட்டை அழித்துவிட்டு எழுதினார்: "மத்தவங்க?"

மற்றவர்கள் விளையாடிய வீடியோக்களைத் தேடினாள். கண்ணாடி போட்ட ஒரு பெண், மெஷின் அம்மாவைக் கைது செய்தாள். கல்லூரிப் பையன்கள் இரண்டு பேர் சேர்ந்து அடித்துப் பிடித்து விளையாடி, மெஷின் அம்மாவைக் கைது செய்தார்கள். மூலை முடுக்கெல்லாம் தடவிப் பார்த்து ஆமை வேகத்தில் போன ஒரு ரிட்டயர்டு ஆசாமியும் கடைசியில் அந்த மெஷின் அம்மாவைத்தான் பிடித்தார். எல்லாருக்கும் மழை பெய்துகொண்டே இருந்தது. யார் கையிலும் சாவி இல்லை. கேம் வெளிவந்த நாளிலிருந்து, கேமின் இணையப் பக்கத்தில் 'மழை நின்றது' என்ற கடைசிக் காட்சியைப் பார்த்தவர்கள் எண்ணிக்கை பூஜ்யத்திலேயே நின்றதை அலுவலகத்தில் எல்லாரும் பார்த்திருந்தார்கள். இன்னும் யாரும் அவ்வளவு தூரம் போகவில்லை என்று தங்களுக்குள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

குடைச்சல் வீடியோவை மூடினாள். தன் சொந்தப் பெயரில் வாங்கி வைத்திருந்த கேமை அங்கேயே திறந்து, முதலிலிருந்து ஆரம்பித்தாள்.

இருட்டுத் திரையில் அண்ணனின் குரல் வந்தது. "இந்த ஊர்ல மழையை யாரும் மழைன்னு சொல்றதில்ல. அது பாட்டுக்கு இருக்கு, நாங்க பாட்டுக்கு இருக்கோம்." அந்த முன்னுரை நீளமானது, தாண்டிப் போக முடியாதபடி டைரக்டர் பூட்டி வைத்திருந்தார். அவள் விரல் பழக்கத்தில் தாண்டும் பொத்தானைத் தட்டித் தட்டிப் பார்த்தது. அண்ணன் அந்த விரலைப் பார்த்தார். பிறகு திரையைப் பார்த்தார். தன் குரலைக் கேட்டுப் பல மாதமாகியிருந்தது அவருக்கு.

முன்னுரை முடிந்து அறை வந்தது. மேஜை, விளக்கு, ஜன்னல் மழை. கதவு திறந்தபடி இருந்தது. திறந்த கதவுக்குப் பின்னால், சுவரில், கோட்டு தொங்கியது. நுனி மட்டும் தெரிந்தது. அவள் கிளிக் செய்தாள். கதவைத்தான் கேம் எடுத்துக்கொண்டது. ஓரத்தில் அழுத்தினாள், கீழே அழுத்தினாள், குனிந்து, நிமிர்ந்து, சுவரோடு ஒட்டி நின்று அழுத்தினாள். கதவு, கதவு, கதவு. கோட்டைத் தொட வழியே இல்லை.

ஆறு மாதத்துக்கு முன்னால் கோட்டு ஜன்னல் பக்கம் இருந்தது. அங்கே அது மழையை மறைக்கிறது என்று படம் வரைகிறவள் கதவுப் பக்கம் நகர்த்தியிருந்தாள். நகர்த்தியது எல்லாருக்கும் தெரியும், யாரும் அதைத் தொட்டுப் பார்க்கவில்லை. ஏனென்றால் அந்த முதல் அறை என்றாலே அலுவலகத்தில் எல்லாருக்கும் குமட்டும். ஒவ்வொரு தடவையும் அந்த நீள முன்னுரையைக் கேட்டு உட்கார்ந்திருக்க யாருக்குப் பொறுமை இருக்கிறது? அதனால் முதல் அறையைத் தாண்டிய இடத்தில் சேமித்து வைத்த ஆட்டம் ஒன்றை புரோகிராமர் பொதுவில் போட்டு வைத்திருந்தான். டெஸ்டர்கள் எல்லாரும் அங்கிருந்துதான் ஆரம்பிப்பார்கள். அந்த ஆட்டத்தில் சாவி ஏற்கனவே டிடெக்டிவ் கையில் இருக்கும். கொலைகாரன் யார் என்று தெரிந்தவர்கள், கையில் சாவியோடு, மாதக்கணக்காகத் துப்பறிந்துகொண்டிருந்தார்கள்.

எதையும் நம்பாததற்காகவே சம்பளம் வாங்குகிறவள் அதை நம்பினாள். அதுவும் எதற்காக? அண்ணனின் குரலைத் தாண்டிப் போவதற்காக. அதை நினைத்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"நான்தாண்ணா" என்றாள். "நான் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை மொதல்லேர்ந்து ஆடிப் பாத்திருந்தா போதும். கொன்னுட்டேன் உன்னை."

அண்ணன் சிலேட்டை அழித்தார். பிறகு எழுதினார்: "நான் சாகாத படமே கிடையாது."

அவர் திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

திங்கட்கிழமை அலுவலகத்தில் விஷயத்தைச் சொன்னபோது புரோகிராமர் தலையில் கை வைத்துக்கொண்டான். "அந்த சேவ் ஃபைலைப் போட்டு வெச்சதே நான்தாங்க. நான் மொத ரூமைப் பாத்தே ஒரு வருஷம் இருக்கும்."

முதலாளி மட்டும் அலட்டிக்கொள்ளவில்லை. "சரி, கோட்டை நகத்திட்டு அப்டேட் விட்டுடுங்க. ஒரு சாண் நகத்தணும், அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான் சார். ஆனா ஆடி முடிச்சவங்க திரும்ப வரணுமே. நாம ஒரு அறிவிப்பு குடுக்கலாம். எங்க தப்பு, நீங்க பாத்தது உண்மையான முடிவு இல்லன்னு."

"ஏம்மா குடைச்சல், துப்பறியற கேமை எடுத்து, அதுல துப்பே இல்லாம வித்தோம்னு நம்ம வாயாலயே சொல்லச் சொல்றியா? வேற வெனையே வேண்டாம். கமுக்கமா சரி பண்ணிட்டு அடுத்த வேலையப் பாருங்க." சொல்லிவிட்டு அவர் போனை எடுத்துக்கொண்டு வெளியே போனார். அந்த கேமை அவர் அன்றைக்கே கை கழுவிவிட்டார் என்பது அவர் நடையிலேயே தெரிந்தது.

கோட்டு ஒரு சாண் நகர்ந்தது. சாயங்காலத்துக்குள் அப்டேட் போய்விட்டது. அன்றிரவும் அடுத்த நாள் இரவும் அவள் வீட்டில், தன் சொந்தக் கணக்கில், முதல் அறையிலிருந்து கடைசிவரை ஆடினாள். இனி யாரையும் எதையும் நம்புவதாக இல்லை. சாவி கிடைத்தது. பெட்டி திறந்தது. மழை நின்றது. அந்தக் காட்சியை அவள் அலுவலகத்தில் எத்தனையோ தடவை ஓட்டியிருக்கிறாள், உதடும் ஒலியும் பொருந்துகிறதா, எழுத்து சரியான நேரத்தில் வருகிறதா என்று பார்ப்பதற்காக. இந்தத் தடவைதான் கேட்டாள். அத்தனை நேரம் கட்டையாகப் பேசிய மனிதர், "நான்தான் செஞ்சேன்னு சொல்றதுக்கு எனக்கு ஒரு ஆள் வேணும்" என்ற இடத்தில் உடைந்தார். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, வாயில் துப்பட்டாவைத் திணித்துக்கொண்டு அழுதாள். அண்ணன் அடுத்த அறையில்தான் இருந்தார்.

மீசைக்காரனுக்கும் எழுதினாள். கம்பெனி பெயரைச் சொல்லாமல், ஒரு ரசிகை மாதிரி, பணிந்து, அவன் மீசையைக்கூடப் புகழ்ந்து எழுதினாள். உடனே பதில் வந்தது. நல்ல பையன்தான், அதில் குறை சொல்ல முடியாது. "அப்படியா சிஸ்டர்? செமல்ல. ஆனா இந்த வாரம் நாலு கேம் வரிசைல நிக்குது. டைம் கிடைச்சா கண்டிப்பா பாக்கறேன்." அவனுக்கு டைம் கிடைக்கவில்லை. யாருக்கும் கிடைக்கவில்லை. முடிவு சப்பை, குரல் மரக்கட்டை என்ற பேச்சு ஊரெல்லாம் பரவி, கேம் ஆன்லைன் கடைப் பட்டியலின் அடிப்பக்கத்துக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

அந்த வாரக் கடைசியில் அண்ணன் லேப்டாப்பை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு சமையலறைக்கு வந்தார். கழுத்துத் துளையில் மூச்சு உஸ்ஸென்று வந்துபோனது. அப்படி வேகமாக நடந்து அவரைப் பார்த்து நாளாகிவிட்டது. கேமின் பக்கம் திறந்திருந்தது. 'மழை நின்றது: ஒருவர்.'

சிலேட்டில் ஏற்கனவே எழுதியிருந்தார்: "யாரோ ஒரு ஆள்!"

அவளுக்குச் சுருக்கென்றது. அலுவலகத்தில் டெஸ்ட் செய்வது இந்தக் கணக்கில் வராது என்று முன்பு எப்போதோ அவள்தான் அவருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். வீட்டில், சொந்தக் கணக்கில் ஆடினால் வரும் என்பது அவளுக்கே அந்த நிமிஷம்தான் உறைத்தது.

"ஆமாண்ணா" என்றாள். "யாரோ வந்திருக்காங்க."

"ஆம்பளையா பொம்பளையா?"

"அதெல்லாம் தெரியாது."

அதற்கப்புறம் தினமும் காலையில் பல் விளக்கியதும் அவர் முதல் வேலையாக அந்தப் பக்கத்தைத் திறந்து பார்த்தார். சாப்பிடும்போது அந்த முகம் தெரியாத ஆளைப் பற்றியே எழுதினார். தனியா இருக்கறவரா இருக்கும், அதான் பொறுமையா தேடியிருக்கார். ஒருவேளை டப்பிங் தெரிஞ்சவரோ என்னமோ. முடிஞ்சதும் உடனே எந்திரிச்சிருப்பாரா, கொஞ்ச நேரம் உக்காந்திருப்பாரா? அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள். எண் ஒன்றிலேயே இருந்தது. நாள் ஆக ஆக அண்ணன் எழுதுவது குறைந்தது. ஒரு காலையில் பக்கத்தைத் திறந்து பார்த்துவிட்டு, சிலேட்டைத் தொடாமலே போய்ப் படுத்துவிட்டார்.

அன்றைக்கு அவள் அலுவலகத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டு, வேறு பெயரில் ஒரு கணக்குத் தொடங்கி, கேமை மறுபடி வாங்கி, முதல் அறையிலிருந்து ஆரம்பித்தாள். நீள முன்னுரை. மேஜை, விளக்கு, கோட்டு, சாவி. முன்பு தாண்டித் தாண்டிப் போன அறையில் இப்போது அவள் தானாக வந்து உட்கார்ந்துகொண்டாள். மத்தியானம் அண்ணன் டீ கொண்டுவந்து வைத்தார். அவள் சட்டென்று திரையை மூடினாள். அவர் ஒன்றும் கேட்காமல் போய்விட்டார்.

மறுநாள் காலை மேஜையில் லேப்டாப் திறந்திருந்தது. 'மழை நின்றது: இருவர்.' அண்ணன் அதன் எதிரே உட்கார்ந்திருந்தார். முகத்தில் சந்தோஷம் இல்லை.

"பாத்தியா, ரெண்டு ஆயிடுச்சு" என்றாள். குரல் அவளுக்கே பொய்யாகக் கேட்டது.

அவர் எழுதினார்: "ரெண்டாவது ஆள் நீதானே?"

அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. அவர் அழித்துவிட்டு மறுபடி எழுதினார். இந்தத் தடவை நேரம் எடுத்துக்கொண்டார்.

"மொத ஆளும்?"

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். அண்ணன் அவள் முகத்தையே பார்த்தார். பதில் அதிலேயே இருந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். வெளியே நல்ல வெயில், பக்கத்து வீட்டில் யாரோ துணி உதறிக்கொண்டிருந்தார்கள். பிறகு சிலேட்டை எடுத்து, மெதுவாக எழுதி, அவள் பக்கம் தள்ளினார்.

"எப்படி இருந்துச்சு?"

"சத்தியமா சொல்றேண்ணா" என்றாள். கண்ணீர் முந்திக்கொண்டு வந்தது. "அந்த மாதிரி நான் கேட்டதே இல்ல. ஆள் வேணும்னு சொல்ற இடத்துல என்னால தாங்கவே முடியல. நீ என் அண்ணன்னு சொல்லல. எவ்வளவோ கேம் பாத்திருக்கேன், எவ்வளவோ குரல் கேட்டிருக்கேன். இது மாதிரி இல்ல. நம்புண்ணா."

அவர் அவள் தலையில் கை வைத்தார். சின்ன வயதில் அவள் விழுந்து எழுந்து வரும்போது வைப்பது மாதிரி. பிறகு அந்தக் கையாலேயே சிலேட்டை அழித்து எழுதினார்.

"நீ தங்கச்சி. நீ அப்படித்தான் சொல்லுவ."

லேப்டாப்பை அவரே மூடினார். டம்ளர்களை எடுத்துக்கொண்டு கழுவப் போனார். மறுநாள் காலையில் அவர் அந்தப் பக்கத்தைத் திறக்கவில்லை, அதற்கடுத்த நாளும் திறக்கவில்லை.